எதிர்ப்பு சக்தி என்று நான் சொல்லிவைத்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக நான் செய்கிற வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. தெரியாமலேயே ஊர் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதனால் என்ன ஆகப் பார்த்தது என்பதைத்தான் எழுதுகிறேன். திண்டிவனத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை கலைவாணிக்கு வளைகாப்பு. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தலைப்பிள்ளை. ஓமந்தூர்ப் பக்கம் அவள் புகுந்த வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் ஸ்வீடனில், சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்து நிறுத்திய போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே போன மாதத்துப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. போனுக்குள் ஐந்து வகைச் சாதம், சந்தனம், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். யாரோ போனைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து நடந்ததில் எனக்குத் தலை சுற்றியது.

கலையின் கணவர் ஏழுமலை போனை வாங்கினார். முறையெல்லாம் பார்க்காமல் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, ஒரு நல்ல சேதி சொல்லணும் உங்ககிட்ட. கலைக்கு ரத்த டெஸ்ட்டு எடுத்தாங்க இல்ல, எதிர்ப்பு சக்தி பாசிட்டிவ்னு வந்துகீது. ஊசி ஒன்னு போடணும்னு சொல்லிக்கினு இருந்தாங்களே, அதுகூட இனிமே தேவ இல்லன்னுட்டாங்க. உங்க மிஷினு பாக்கறது அதானே?"

"அதேதான் தம்பி," என்றேன். "ரொம்ப நல்லது."

ரொம்ப நல்லது. என் வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு, கலையின் கன்னத்தில் சந்தனம் அப்பியிருந்த அழகைப் பார்த்து அழுதேன். என் மகள் இனியா பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் எல்லோரும் சித்தியின் முகத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேட்டாள்.

2

அந்த மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் என்ன செய்வார்கள் என்றால், அதன்மேல் ஒளிரும் சாயத்தையோ நிறம் மாற்றும் பொருளையோ ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்குத்தான் லேபிள் என்று பெயர். எங்கள் மிஷினில் லேபிள் கிடையாது. தங்க முலாம் பூசிய ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு. அதன்மேல் ஆன்டிபாடி தேடிவருகிற பொருளை முதலிலேயே பதித்துவைப்போம். பிறகு ரத்தத்தின் தெளிந்த நீரை அதன்மேல் ஓடவிடுவோம். ஏதாவது வந்து உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அடியில் படுகிற ஒளி ஒரு துளி மாறித் திரும்பும். திரையில் ஒரு கோடு ஏறும். அவ்வளவுதான்.

கேட்க எளிது. ரத்தத்தில் சம்பந்தமில்லாத ஆயிரம் சாமான் இருக்கிறது, அதில் எது வந்து ஒட்டிக்கொண்டாலும் கோடு ஏறிவிடும். அதனால் பக்கத்திலேயே ஒன்றும் பதிக்காத இன்னொரு தடம் வைத்து, இதிலிருந்து அதைக் கழிப்போம். கழித்த பிறகும் சந்தேகம் இருக்கும். என் சம்பளமே அந்தச் சந்தேகத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று சொல்வது மிஷினின் வேலை இல்லை.

இதையெல்லாம் ஊரில் சொல்ல முடியுமா? கலையின் கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது சொல்லிப் பார்த்தேன். "லேபிள் இல்லாமலே கண்டுபுடிப்போம்," என்று பெருமையாக ஆரம்பித்தேன். அப்போதுதான் புது மாப்பிள்ளையாக இருந்த, வேர்க்கடலை பயிரிடுகிற ஏழுமலை, "இன்னாக்கா இது, லேபிள் இல்லாத மருந்த நான் மல்லாட்டைக்கே அடிக்க மாட்டேன். நீங்க மனுசனுக்குப் பாக்கறீங்களா?" என்றார். வீடே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, இவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே வார்த்தையில் சொல்லித் தொலைப்போம் என்று, "ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்குதானு பாக்கற மிஷின்," என்றேன். "அப்டி சொல்லு," என்றார் அம்மா. அன்றிலிருந்து அதுதான் என் வேலை. காய்கறி வாங்கும் இடத்தில்கூட அம்மா அப்படித்தான் சொல்வாராம்.

எதிர்ப்பு சக்தி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கேப்பைக் கூழில் இருப்பது. கஷாயத்தில் கிடைப்பது. டிவி விளம்பரத்தில் பிள்ளை குதித்துக்கொண்டு ஓடுவது. அது கெட்டதாகவும் இருக்கலாம் என்று எந்தத் தமிழ்க் காதுக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லையே.

இத்தனைக்கும் எனக்கும் கலைக்கும் ரத்த வகை நெகட்டிவ். விழுப்புரத்தில் காலேஜ் படித்தபோது செய்முறை வகுப்பில் விரலைக் குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் திரும்பி வந்து வீட்டில் சொன்னபோது, "நெகட்டிவ்னா ஒன்னும் இல்லனு அர்த்தம், நல்லதுதான்," என்று அம்மா விளக்கு ஏற்றினார். நான் திருத்தவில்லை. கலைக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தபோது ஏழுமலையின் ரத்தம் என்ன என்று நானும் கேட்கவில்லை. இனியா வயிற்றில் இருந்தபோது இங்கே மருத்துவச்சி ஏதோ ஊசி என்றார். அப்போது எனக்கு இந்த ஊர் மொழி அரைகுறை. யா, யா என்று தலையாட்டிப் போட்டுக்கொண்டேன். நெகட்டிவ் ரத்தக்காரர்களுக்கான சத்து ஊசி என்று நினைத்தேன். இதையெல்லாம் எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

3

திங்கட்கிழமை காலை. இங்கே ஒன்பதரை மணிக்கு எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போக வேண்டும். போகாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். என்னோடு வேலை செய்கிற யோஹான்னா, வார இறுதி எப்படி என்றாள். வளைகாப்புப் படங்களைக் காட்டினேன். வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கேட்கட்டும் என்று வளையல் போடுவார்கள் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"தங்கை நன்றாக இருக்கிறாளா?" என்றாள்.

"நன்றாக இருக்கிறாள். எனக்குப் போட்டார்களே, நெகட்டிவ் ரத்தக்காரர்களுக்குப் போடும் ஊசி, அதுகூட அவளுக்குத் தேவையில்லையாம். அவளிடம் ஏற்கெனவே..."

இதை ஸ்வீடிஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பு சக்தி என்பதற்கு அவர்கள் சொல்லைத் தேடினேன். வாயில் வந்த சொல் ஆன்டிக்ரொப். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் சொல்கிற சொல். ஆன்டிபாடி. "அவளிடம் ஏற்கெனவே ஆன்டிக்ரொப் இருக்கிறதாம்," என்று முடித்தேன். முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

யோஹான்னா கோப்பையைக் கீழே வைத்தாள். 

விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தாய்க்கு நெகட்டிவ் ரத்தமும் பிள்ளைக்குத் தகப்பனைப் போலப் பாசிட்டிவ் ரத்தமும் இருந்தால், பிள்ளையின் ரத்தம் ஒரு சொட்டு கலந்தாலும் தாயின் உடம்பு அதை வேற்று ஆள் என்று எண்ணி ஆன்டிபாடி செய்ய ஆரம்பிக்கும். அந்த ஆன்டிபாடி கொடி வழியாக உள்ளே போய்ப் பிள்ளையின் ரத்தத்தை அழிக்கும். அது உண்டாகாமல் தடுக்கத்தான் ஏழாம் மாதத்தில் அந்த ஊசி. உண்டாகிவிட்டால் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை. 'தேவை இல்லை' என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் அது. தடுப்பூசி போட்டவனுக்கு மறுபடி ஊசி தேவையில்லை என்கிற மாதிரி நாங்கள் எல்லோரும், நான் உட்பட, சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

தமிழில் கேட்டபோது எனக்கு ஏன் உறைக்கவில்லை? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் படிப்பு ஒரு பெட்டியிலும் என் தமிழ் ஒரு பெட்டியிலும் இருந்திருக்கிறது போல. முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் முட்டாள் இல்லையே என்றும் தோன்றுகிறது.

அதைவிடக் குழப்பம் ஒன்று இருந்தது. இந்த ஆன்டிபாடி தலைப்பிள்ளைக்கு வராது. அநேகமாக வராது. முதல் பிரசவத்தில் ரத்தம் கலந்து, அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. கலைக்கு இது முதல் கர்ப்பம். அவளுக்கு யாரும் ரத்தம் ஏற்றியதும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? குழாய் மாறியிருக்குமோ, வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று மனம் அலைந்தது. அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

4

ஏழுமலை போனை எடுத்தபோது கடலைக் கொல்லையில் இருந்தார். மல்லாட்டை பிடுங்க ஆள் விட்டிருந்தார்.

"அந்த ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சி அனுப்புங்க தம்பி. ஜல்தி."

"வூட்ல கீது. சாயந்திரம் அனுப்பறேன். இன்னா ஆச்சி?"

"டாக்டர் வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"பாண்டில போய் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க. வளைகாப்பு முடியட்டும், மல்லாட்டைய காயவெச்சிட்டு போலாம்னு வுட்டுட்டேன். எதிர்ப்பு சக்திதான் கீதே."

"அது எதிர்ப்பு சக்தி இல்ல தம்பி. அது... புள்ளைக்கு ஆவாது."

 ஏழுமலையின் குரல் மாறியது.

"நேத்து நீங்கதானக்கா ரொம்ப நல்லதுனு சொன்னீங்க? நர்ஸம்மா ஆன்டிபாடினு ஒரு மாதிரி சொன்னாங்க. நான்தான், எங்க அக்கா அந்த வேலதான் பண்றாங்க, அது எதிர்ப்பு சக்தினு அவுங்களுக்கே சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். இப்ப வந்து ஆவாதுன்றீங்க. எத நம்பறது?"

 அவர் கேட்டதில் தப்பே இல்லை.

சாயந்திரம் போட்டோ வந்தது. கலையின் பெயர், வயது, கணவர் பெயர், எல்லாம் சரி. ஆள் மாறவில்லை. சோதனை பாசிட்டிவ், அளவும் அதிகம். கலையைக் கூப்பிட்டேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு, திண்டிவனத்துக்கு வந்திருந்தாள். பேசும்போதெல்லாம் வளையல் சத்தம்.

"நாளைக்குக் காலைலயே பாண்டி போ கலை."

"அக்கா, வளையல் போட்டு முழுசா ரெண்டு நாள் ஆவல. அதுக்குள்ள ஆஸ்பத்திரினு கெளம்பனா நாலு பேரு இன்னா சொல்வாங்க? எனக்கு ஒன்னும் இல்ல. நல்லா சாப்புடறேன். குழந்தயும் நல்லா ஒதைக்கிது."

நான் மறுபடி மறுபடி விளக்கினேன். எதிர்ப்பொருள் என்றேன். புத்தகத் தமிழ் அது, அவளுக்குப் போய்ச் சேரவில்லை. நோய் எதிர்ப்பு என்று தொடங்கி நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். விஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? கத்த ஆரம்பித்துவிட்டேன். அவளும் கத்தினாள். "எப்பவும் இதே பேஜாரு. வருசத்துக்கு ஒரு தடவ வருவ, போன்ல மட்டும் அதிகாரம் பண்ணுவ."

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இனியா பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. தமிழ் புரியும், பேசினால், மனதுக்குள் ஸ்வீடிஷில் எழுதி அதைத் தமிழில் வாசிப்பதுபோல இருக்கும். அதற்காக நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது. என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சித்தி. உங்கள் ரத்தத்தில் எதிர் உடம்பு இருக்கிறது."

ஆன்டிக்ரொப். ஆன்டி என்றால் எதிர். க்ரொப் என்றால் உடம்பு. அப்படியே பெயர்த்துவிட்டாள். எந்த அகராதியிலும் இல்லாத தமிழ்.

"எது எதிரு?" என்றாள் கலை.

"சின்ன சின்ன உடம்பு. அது பாப்பாவுக்கு எதிர். நீங்கள் எதிர் இல்லை. அது மட்டும் எதிர். பாப்பாவின் ரத்தத்தை அது சாப்பிடும். டாக்டர் பார்க்க வேண்டும்."

வளையல் சத்தம் நின்றுவிட்டது. "அக்காகிட்ட குடு," என்றாள் கலை. நான் வாங்கியதும், "மொதல்லயே இப்டி சொல்றதுக்கு இன்னா?" என்று அழுதாள். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போறேன்."

5

பாண்டிச்சேரியில் ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தையின் தலைக்குள் ரத்தம் இருக்க வேண்டியதைவிட வேகமாக ஓடுகிறது, ரத்தம் நீர்த்துப்போய்விட்டது என்றார்கள். அன்றைக்கே சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வயிற்றுக்குள்ளேயே, கொடியில் ஊசி ஏற்றி, குழந்தைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். ஒருமுறை போதாமல் போகலாம். செய்யும்போதே குழந்தைக்கு ஏதாவது ஆகலாம் என்று எழுதி ஏழுமலையிடம் கையெழுத்து வாங்கினார்கள். மல்லாட்டையைப் பிடுங்கின செடியோடு கொல்லையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

நான் கிளம்பத் துடித்தேன். என்னுடைய குடியிருப்பு அனுமதி அட்டை காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நாட்டை விட்டு வெளியே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்ப உள்ளே வருவதுதான் சிக்கல். குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தால், வரிசையில் உங்களுக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் என்று ஒரு குரல் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்தார். நல்லவர்தான். அவசரப் பயணத்துக்கு ஒரு படிவம் உண்டு என்றார். அதில் காரணம் எழுதும் இடத்தில் நோயாளி யார் என்று கேட்டிருந்தது. நோயாளி கலையா, குழந்தையா? இன்னும் பிறக்காத குழந்தைக்குப் பெயர் ஏது, பிறந்த தேதி ஏது? 'மற்றவை' என்பதில் குறியிட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. கணவரையும் இனியாவையும் விட்டுவிட்டு, திரும்ப வர முடியுமா என்று தெரியாமல் விமானம் ஏறவும் துணியவில்லை. பணத்தாலும் தூரத்தாலும் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் அட்டையால் நான் நின்றுபோனேன் என்று யாரிடம் சொல்வது? அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

முதல் முறை ரத்தம் ஏற்றிய அன்று, கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். பிரசவம் வரைக்கும் கழற்ற மாட்டேன் என்று கலை அடம் பிடித்திருக்கிறாள். கடைசியில் ஒரு நர்ஸ் இரண்டு கையிலும் வளையல்களின்மேல் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றிவிட்டாராம். நான் அந்த நேரம் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோடு ஏறியது, இறங்கியது. ஒன்றைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. யோஹான்னா வந்து என் சாம்பிள்களைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் இன்னும் ஒரு முறை ஏற்றினார்கள். எட்டாம் மாதக் கடைசியில் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். மஞ்சளாக இருந்தாள். நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருந்த படத்தை ஏழுமலை அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி: "அக்கா, டாக்டரு பொழச்சிக்கும்னு சொல்லிட்டாரு. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க."

உங்களிடம் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வலித்தது. பிறகு அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

6

இத்தனைக்கும் நடுவில் என் பழைய சந்தேகம் போகவில்லை. தலைப்பிள்ளைக்கு எப்படி வந்தது? அளவு அவ்வளவு அதிகமாக எப்படி இருந்தது? வேலை செய்யும் இடத்தில் பழைய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். குழந்தை பிறந்து பத்தாம் நாள், கலை நிதானமாகப் பேசுகிற மனநிலையில் இருந்தாள். ஆராய்ச்சிக்காரியாகத்தான் கேட்டேன், சத்தியமாக.

"கலை, உனக்கு எப்பவாச்சும் ரத்தம் கித்தம் ஏத்தனாங்களா? சின்ன வயசுல?"

"இல்லயே."

"அப்ப அது எப்டி வந்துதுனு எனக்குப் புரியவே இல்ல. மொத குழந்தைக்கு வரக் கூடாது அது."

 கலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"பாண்டில டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டாங்க," என்றாள். "அவுங்ககிட்ட சொல்லிட்டேன். இது மொதல் இல்லக்கா."

"மொதல் இல்லனா?" என்றேன்.

"ரெண்டு வருசம் முன்னாடி. மூணு மாசம் முடிஞ்சி நாலு நடந்துக்கினு இருந்துது. கலைஞ்சிடுச்சி. சுத்தம் பண்ணி வுட்டாங்க. ஊசியெல்லாம் யாரும் போடல, எனக்கும் கேக்கத் தெரியல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் சொல்ல வேணாம்னு நான் சொன்னேன்."

"ரெண்டு வருசம் முன்னாடினா எப்படி கலை, நான் அப்ப ஊருக்கு வந்திருந்தேனே."

"வந்திருந்த. நாலு மாசம் ஆவட்டும், நீ கெளம்பற அன்னிக்கி ஏர்போர்ட்டுல வெச்சி சொல்லலாம்னு இருந்தேன். உன் மூஞ்சி எப்டி மாறுதுனு பாக்கணும்னு ஆச. அன்னிக்கிக் காலைலயே ஆரம்பிச்சிடுச்சி. கார்ல உன் பக்கத்துலதான் உக்காந்துக்கினு வந்தேன். வவுறு வலிக்குதுன்னேன். பையிலேந்து ஒரு மாத்திர எடுத்துக் குடுத்த."

நினைவு வந்தது. மாத்திரை கொடுத்தது நினைவு வந்தது. வெளியில் கண்டதைத் தின்னாதே என்று திட்டியதும் நினைவு வந்தது. செங்கல்பட்டு தாண்டி நெரிசல். பாஸ்போர்ட்டை நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன்.

"ஏன்டி சொல்லல?" என்றேன். 

"சொல்லிருந்தா நீ போயிருக்க மாட்ட இல்ல," என்றாள் கலை. "டிக்கெட்ட கிழிச்சிப் போட்டுட்டு என்கூடயே திரும்பி வந்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன? அதான் சொல்லல."

ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும் அவளிடம்? குழந்தை அழுகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று நான் விமானம் ஏறியதற்கு மறுநாள் காலையில் எனக்கு இங்கே ஒரு கூட்டம் இருந்தது. இனியாவுக்கு ஸ்கூல் திறக்க இருந்தது. கலை சொல்லியிருந்தாலும், கூட வந்த அம்மாவிடமும் ஏழுமலையிடமும் அவளை ஒப்படைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, நான் உள்ளே போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.